தண்ணீரைப் பற்றும் கை

வன்னியைப் பற்றி எழுதுவோர் காட்டைப் பற்றி எழுதுவர். குளத்தைப் பற்றி எழுதுவர். அக்குளங்களைக் கட்டிய மன்னர்களையும், பிற்காலத்தில் அவற்றைத் திருத்திய வெள்ளைக்காரப் பொறியியலாளரையும் புகழ்வர். அக்குளங்களில் இறங்கி நீந்துகின்ற மக்களைப் பற்றி எவரும் எழுதியதாக நான் காணவில்லை. நீச்சலும் எழுதத்தக்கதொரு பொருளா என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நிலத்தையும் கூலியையும் கல்வியையும் பற்றிப் பேசவேண்டிய பக்கங்களில், தண்ணீருக்குள் முழங்கையை எப்படி வைத்திருப்பது என்று பேசப் புகுவது அவர்களுக்கு வேடிக்கையாகவும் தோன்றலாம். அவர்களிடம் நான் வேண்டுவது சிறிது பொறுமையே.

எங்கள் நாடு தண்ணீரால் உண்டான நாடு. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடு இல்லையேல் இன்றைய கிளிநொச்சி இல்லை. முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் தண்ணிமுறிப்பும் இல்லையேல் முல்லைத்தீவின் வயல்கள் இல்லை. வவுனியாவுக்குப் பாவற்குளம். பெயர் பெற்ற இக்குளங்களைத் தவிர, ஊருக்கொன்றாகவும் இரண்டாகவும் சிறு குளங்கள். அவற்றினின்று புறப்படும் வாய்க்கால்கள். கிழக்கே நந்திக்கடலும் அதற்கப்பால் பெருங்கடலும். எங்கள் மாணவருட் பலர் பாடசாலைக்கு வரும் வழியில் ஒரு வாய்க்காலையேனும் கடந்தே வருகின்றனர். மாரியில் வான் பாய்ந்தால் பாதை எது, வாய்க்கால் எதுவென்று தெரியாது. இத்துணைத் தண்ணீருக்கு நடுவே வாழும் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பிப்பது எவருடைய கடமையும் அன்று. தமையனோடு குளத்துக்குப் போனவன் கற்றுக்கொள்கிறான், போகாதவன் கற்பதில்லை. பெண் பிள்ளையோ கரையில் நின்று வாளியால் அள்ளிக் குளித்துவிட்டுத் திரும்புகிறாள். முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்த ஓர் ஆசிரியனுக்கு, மிதப்புவிசை பற்றிக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதே வகுப்பில் மிதக்கத் தெரியாதவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும்போது ஏற்படும் கூச்சத்தை விளக்கவேண்டியதில்லை.

குளத்தில் தாமாகக் கற்றவர்களின் நீச்சலை முதலிற் கூறிவிடுகிறேன். தலை நீருக்கு மேலே நிமிர்ந்திருக்கும். கைகள் இரண்டும் மாறி மாறி நீட்டி நீரை அறையும். கால்கள் முழங்காலில் மடிந்து உதைக்கும். நகரத்து நீச்சற் பயிற்சியாளர் ஒருவர் இதைக் கண்டால் நகைப்பார். நகைப்பதற்கு எதுவுமில்லை. கலங்கிய குளத்தில் நீந்துபவன் தன் முன்னே கிடப்பது தாமரைக் கொடியா, பட்டமரக் கிளையா என்று பார்த்தாகவேண்டும். வன்னிக் குளங்களில் முதலையும் உண்டு. தலையை நிமிர்த்திய அந்நீச்சல் அறியாமையாற் பிறந்ததன்று; சூழலோடு செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். ஆயினும் அதற்கோர் எல்லை உண்டு. ஐம்பது யார் போவதற்குள் அவன் களைத்துவிடுவான். பதற்றம் சேர்ந்தால் இருபது யாரிலேயே களைத்துவிடுவான். தலை உயர்ந்தால் இடுப்புத் தாழும். இடுப்புத் தாழ்ந்தால் உடல் ஒரு சாய்ந்த பலகைபோல் நீரைத் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருக்கும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இருமடங்காக்க முயன்றால் அதன் தடை நான்கு மடங்காகின்றது. ஆதலின் பலத்தைக் கூட்டுவதைக் காட்டிலும் தடையைக் குறைப்பதே இலாபம். பலசாலியான கமக்காரன் களைத்துப்போகும் தூரத்தை மெலிந்த சிறுமியொருத்தி இலேசாகக் கடந்துவிடுவது இதனாலேதான்.

முகத்தை நீரில் அமிழ்த்தி, உடலை நீட்டி, பக்கவாட்டில் மூச்செடுத்து, கைகளை மாறி மாறி வீசும் நீச்சலை உலகம் இன்று பிரீஸ்டைல் என்கிறது. கட்டற்ற நீச்சல் என்று நாம் எழுதலாம். போட்டி விதிப்படி அதில் எப்படியும் நீந்தலாம். எல்லோரும் இவ்வாறே நீந்துகின்றனர், ஏனெனில் இதனினும் விரைவானதை மனிதன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இதில் உடலை முன்செலுத்தும் விசையின் பெரும்பங்கு கைகளிலிருந்தே வருகின்றது. கால்கள் பெரும்பாலும் உடலை மட்டமாக வைத்திருக்கவே உதவுகின்றன.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் தென்னிலங்கை நகரொன்றில் மூன்று மாதம் இதைக் கற்றேன். கையின் நிலைகளுக்குரிய பெயர்களையெல்லாம் ஒப்புவிக்கத் தெரிந்துகொண்டு ஊர் திரும்பினேன். அதன் பொருளை எனக்கு விளக்கியவர் இரணைமடுவில் வலை போடும் ஒரு முதியவர். பாடசாலைப் பக்கம் அதிகம் போகாதவர். ஒரு மாலை நான் நீந்துவதைத் தோணியில் இருந்தபடியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்ரர், ஏன் தண்ணியோட சண்டை பிடிக்கிறியள்?" என்றார்.

"கையைப் பலமா இழுக்கிறன் அண்ணை. அப்பிடித்தானே சொல்லித் தந்தவங்கள்."

"இழுக்கிறது பிறகு. முதல்ல பிடிக்க வேணும். இஞ்ச பாருங்கோ" என்று துடுப்பை எடுத்தார். அதை நீரின்மேற் படுக்கவைத்து அழுத்தினார். தோணியின் முன்பக்கம் சற்று எழும்பித் தாழ்ந்ததேயன்றி ஓரடியும் நகரவில்லை. பின்னர் துடுப்பின் இலையை நேர்குத்தாக இறக்கி, ஒரு கணம் தாமதித்து, இழுத்தார். தோணி வழுக்கிக்கொண்டு முன்னேறியது. "துடுப்பு நிண்ட இடத்தில நிக்க வேணும். தோணிதான் அதைத் தாண்டிப் போக வேணும்."

நீச்சலிற் கையின் வேலை பற்றி எழுதப்பட்ட புத்தகங்கள் பல. அவற்றின் சாரம் இவ்விரு வசனங்களில் அடங்கிவிடும் என்று நான் துணிந்து கூறுவேன். நீட்டிய கையை விறைப்பாக வைத்துக் கீழ்நோக்கி அழுத்துபவன் படுக்கவைத்த துடுப்பால் நீரை அழுத்துகிறான். அவன் உடல் எழும்பும், கால் தாழும், முன்னேற்றம் சொற்பம். முழங்கையை நீரின் மேற்பரப்பை ஒட்டி உயரத்தில் நிறுத்திக்கொண்டு, விரல்நுனி அடிமண்ணை நோக்கும்படி முன்னங்கையைக் கீழே மடிப்பவனோ துடுப்பின் இலையை நேர்குத்தாக இறக்குகிறான். அப்போது உள்ளங்கை மாத்திரமன்றி, முழங்கை வரையுள்ள பகுதி முழுவதும் ஒரே பலகையாகி நீரைப் பற்றுகின்றது. எங்கள் பிள்ளைகளுக்கு இதை மண்வெட்டியைக் கொண்டு விளக்குவேன். வரம்பு கட்டுபவன் மண்வெட்டியை நிலத்திற் பதித்த பின்னரே இழுக்கிறான். பதியாத மண்வெட்டியை இழுத்தால் புல் நுனிதான் சீவப்படும்.

எஞ்சியவை இதைச் சார்ந்தவையே. கை நீருள் நுழையும் இடம் தோளுக்கு நேர்முன்னே. தலைக்கு முன்னால் உள்ள நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் போனால் உடல் பாம்புபோல் நெளியும். நாளடைவில் தோள் மூட்டும் நோகும். விரல்நுனி முதலில் நுழைய, கை நீரினடியில் முன்னே நீளவேண்டும். அதேவேளை அப்பக்கத்துத் தோளும் இடுப்பும் கீழ்நோக்கி உருளவேண்டும். இவ்வுருளலைக் கற்றவனுக்கு மூச்செடுப்பது தனி வேலையன்று. உடலோடு முகமும் திரும்ப, வாய் தானாகவே காற்றைச் சந்திக்கும். பற்றிய நீரை விடாமல் தொடை வரை தள்ளி முடிக்கவேண்டும். பாதி வழியில், இடுப்புக்கு மேலேயே, கையை வெளியே எடுத்துவிடுவது களைத்தவர்களின் வழக்கம். வெளியே வரும்போது முழங்கை முன்னே வர, முன்னங்கை உயிரற்றதுபோல் தளர்ந்து தொங்கவேண்டும். நீருக்கு வெளியே அது ஓய்வெடுக்கும் நேரம். விரல்களை இறுக்கிச் சேர்க்கவேண்டியதில்லை. சிறு இடைவெளி இருந்தால் நட்டமில்லை. இறுக்கிய கை விரைவிற் களைக்கும்.

இவற்றையெல்லாம் ஒரே நாளிற் சொன்னால் பிள்ளை ஒன்றையும் செய்யாது. நான் கையாளும் பயிற்சி ஒன்றைக் கூறுகிறேன். கைமுட்டியைப் பொத்திக்கொண்டு நீந்தச் சொல்வேன். உள்ளங்கை இல்லாததால் முதலில் தத்தளிப்பர். நாலைந்து முறைக்குப் பின், நீரைப் பற்ற வேறு வழியின்றி, முழங்கை தானே உயர்ந்து முன்னங்கை வேலை செய்யத் தொடங்கும். அதன்பின் முட்டியை விரித்து நீந்தும்போது, "சேர், கை பெருசாப் போச்சு" என்று ஒரு பொடியன் கத்தினான். அவனுடைய அவ்வியப்பை விடச் சிறந்த விளக்கம் என்னிடம் இல்லை. இன்னொன்று கணக்கு. குளத்தின் ஆழமற்ற அலைகரையில் 25 மீற்றர் இடைவெளியில் இரு மூங்கிற் கழிகளை நட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணச் சொல்வேன். விரைவு பற்றிப் பேசுவதேயில்லை. எண்ணிக்கை குறைந்தால் கை நீரைப் பற்றுகிறது என்பது பொருள். குறைக்கும் ஆசையில் ஒவ்வொரு வீச்சுக்குமிடையே செத்த மீன்போல் மிதந்து ஏமாற்றுவோரும் உண்டு. அவர்களை அடுத்தவரே காட்டிக்கொடுத்துவிடுவர்.

இக்கைவீச்சை "வெள்ளைக்காரன்ர நீச்சல்" என்று ஒரு மாணவன் ஒருமுறை சொன்னான். அப்படிச் சொன்னதில் அவன்மீது பிழையில்லை. தொலைக்காட்சியில் அவன் கண்ட வீரர்கள் பெரும்பாலும் அவர்களே. உண்மை வேறு. 1844இல் இலண்டனிலே வட அமெரிக்க ஒஜிப்வே குடியைச் சேர்ந்த இருவர் ஒரு நீச்சற் குளத்திற் போட்டியிட்டுக் காட்டினர். கைகளைக் காற்றாடிபோற் சுழற்றி, 130 அடி நீளத்தை ஏறத்தாழ அரை நிமிடத்திற் கடந்தனர். பார்த்த கனவான்கள் பரிசளித்தனர். ஆனால் அந்நீச்சல் ஐரோப்பியப் பண்புக்கு ஒவ்வாதது என்று கருதித் தங்கள் தவளை நீச்சலையே தொடர்ந்தனர். 1875இல் மத்தியூ வெப் ஆங்கிலக் கால்வாயைக் கடந்ததும் தவளை நீச்சலிலேதான். 21 மணி 45 நிமிடம் எடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொலமன் தீவிலிருந்து சிட்னிக்கு வந்த அலிக் விக்கம் என்ற சிறுவன் தன் ஊர்க் கடலிற் கற்ற வீச்சை அங்கே நீந்திக் காட்டினான். அதைக் கண்டு கற்றவர்கள் உலகெங்கும் பரப்பினர். பெயர் மட்டும் "ஆஸ்திரேலிய வீச்சு" என்றாயிற்று. ஹவாய்த் தீவின் டியூக் கஹானமோக்கு 1911இல் ஹொனலூலுத் துறைமுகத்தில் 100 யாரை நீந்திய நேரத்தை, அது நம்பத்தக்கதன்று என்று அமெரிக்கச் சங்கம் ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டு ஸ்டொக்ஹோமில் அவர் ஒலிம்பிக் தங்கம் பெற்றார். கரையில் வாழ்ந்த உழைக்கும் மக்களின் அறிவு, அநாகரிகம் என்று ஒதுக்கப்பட்டு, பின் வேறு பெயரோடு விஞ்ஞானமாகத் திரும்பி வந்த கதை இது. விஞ்ஞானம் ஒன்றும் சேர்க்கவில்லை என்று நான் கூறவரவில்லை. மார்க் ஸ்பிட்ஸின் பயிற்றுநரான ஜேம்ஸ் கவுன்சில்மன் நீருக்கடியிற் படமெடுத்துக் கையின் பாதையை ஆராய்ந்தார். விமான இறக்கையின் தத்துவமே நீந்துபவனை இழுத்துச் செல்கிறது என்று ஒரு காலம் நம்பப்பட்டது. பின்வந்தோர் அதைத் திருத்தி, நீரைப் பின்னோக்கித் தள்ளுவதே முதன்மையானது என்றனர். வட்டம் சுற்றி, எங்கள் இரணைமடுக் கிழவரின் துடுப்புக்கே வந்து சேர்ந்தனர்.

நம்மவர் பெயர்களும் இவ்வரலாற்றில் உண்டு. தொண்டைமானாற்று முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரை வரை பாக்கு நீரிணையை 27 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவும் 51 மணி நேரத்திற் கடந்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்துகையில் உயிர் நீத்தார். குடாநாட்டு வீதிகளில் அவர்களுக்கு மாலையிட்டோர் ஏராளம். கடலோரத்துப் பிள்ளைகள் யாவரும் நீந்தக் கற்கவேண்டும் என்று மாலையிட்ட கைகளுள் எத்தனை எண்ணின? வீரனைக் கொண்டாடுவது எளிது. ஒரு வகுப்பு நடத்துவதுதான் செலவு.

அச்செலவு எவ்வளவு என்று ஒருமுறை கல்வி அலுவலகமொன்றிற் கேட்கப் போனேன். நீச்சல் தடாகம் இல்லாத இடத்தில் நீச்சற் கல்விக்கு ஒதுக்கீடு இல்லை என்று விடை வந்தது. வன்னியில் அதற்கு முன் ஆழமான தடாகமொன்று இருந்ததுதான். புதுக்குடியிருப்புப் பக்கம் புலிகள் கடற்புலிகளின் பயிற்சிக்காகக் கட்டியது. 2009க்குப் பின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தோர் அதனைச் சுற்றி நின்று படமெடுத்துச் சென்றனர். போருக்கு நீந்தக் கற்றார்கள், சுற்றுலாவுக்குக் காட்டினார்கள். அவ்வூர்ச் சிறுமி ஒருத்தி சும்மா நீந்துவதற்கு அது ஒருநாளும் உரியதாக இருக்கவில்லை.

சிறுமி என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுப் பட்டினத்தை அழித்தது. கரையோரக் கிராமங்கள் இருந்த இடம் தெரியவில்லை. இறந்தோரிற் பெண்களும் குழந்தைகளும் எத்துணைப் பெருந்தொகையினர் என்பதை அன்று உடல்களை அடக்கம் செய்த இளைஞர் அறிவர். ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இந்தோனேசியாவின் ஆச்சே, தமிழ்நாட்டின் கடலூர், நம் நாட்டுக் கிழக்குக் கரை ஆகிய இடங்களை ஆராய்ந்து இதையே கூறிற்று. பிள்ளைகளைத் தேடிப் பெண்கள் பின்தங்கினர், ஆண்களுக்கு நீந்தவும் மரமேறவும் தெரிந்திருந்தது, பெண்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. பேரலையில் நீச்சல் எல்லோரையும் காத்திருக்கும் என்று கூறுவது பொய். ஆனால் அலை வடிந்த பின் தேங்கிய நீரில், ஒரு மரத்தை எட்டிப் பிடிக்கும் வரை மிதந்திருக்கத் தெரிவதும் தெரியாததும் ஒன்றல்ல. 2009இல் மார்பளவு நீரிற் குழந்தைகளைத் தலைக்குமேல் தூக்கியபடி கடனீரேரியைக் கடந்து வந்த தாய்மார் இன்றும் எம்மிடையே வாழ்கின்றனர். 2018 டிசம்பரில் ஒரே இரவில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. இந்நிலத்திற் பெண்ணுக்கு நீச்சலை ஆடம்பரம் என்று எவர் கூறுவார்?

கூறுபவர் உளர். எங்கள் கிராமத்திற் பாதிக் குடும்பங்கள் 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்தவை. தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்குக் குளம் பழக்கமில்லை. காணி கிடைத்ததோ குளத்தின் காலடியில். அடுத்த ஊரில் தாமரைப் பூப் பறிக்க இறங்கிய சிறுவன் ஒருவன் மாண்டதன் பின், கட்டுப் பக்கமே போகக்கூடாது என்று தாய்மார் பிள்ளைகளைத் தடுத்தனர். ஒன்பதாம் வகுப்பிற் படித்த ஒரு பிள்ளை மட்டும் தினமும் கட்டில் நின்று பையன்களின் எண்ணிக்கையைத் தானும் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் தாயிடம் பேசப் போனேன்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க சேர் இதெல்லாம்? நாளைக்கு ஊரு என்னா பேசும்?" என்றார் அந்தத் தாய். கூலி நாற்று நட்டுவிட்டு வந்த களைப்பு குரலில் இருந்தது.

எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. விடையை எங்கள் சங்கீத ஆசிரியை கண்டுபிடித்தார். நாற்பத்தைந்து வயதில், நீண்ட காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, அவரே முதலில் நீரில் இறங்கிக் கற்றார். கழுத்தளவு நீரில் அவர் பயத்தாற் கூவிய சுருதி பற்றிப் பிள்ளைகள் இன்னும் கதைப்பதுண்டு. ஒரு மாதத்தில் அவர் மூங்கிலிலிருந்து மூங்கிலுக்குப் போய்ச் சேர்ந்தார். அதன்பின் பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை என்று தனி நேரம் குறித்தோம். ஆசிரியை நீருக்குள், நான் கரையில். துருசடிக்கும் வானுக்கும் எவரும் கிட்டப் போகக்கூடாது என்பது முதல் விதி. மாரி முடிந்து நீர் தெளியும் மாசி தொடக்கம், சிறுபோகத்துக்கு நீர் இறங்கும் வரைதான் காலம். ஆரத்தி சாகாவின் கதையை அப்பிள்ளைகளுக்குச் சொன்னேன். கல்கத்தாவின் ஆற்றுப் படித்துறையில் இறங்கிப் பழகியவர், 1959இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்ணானார். கால்வாயெல்லாம் எங்களுக்கு வேண்டாம், முதலில் இந்தக் கழிக்குப் போனாற் போதும் என்றாள் ஒருத்தி.

கட்டில் நின்று எண்ணிக்கொண்டிருந்த பிள்ளையும் மூன்றாம் வாரம் வந்து சேர்ந்தாள். அவள் பாட்டி தேயிலைக் கொழுந்து பறித்தவர். அக்கைகளின் இலாவகம் பேத்திக்கும் வந்திருக்கிறது என்று கூறினால் விஞ்ஞான ஆசிரியனுக்கு அழகன்று. ஆனால் அவளுடைய கை நீருள் நுழையும்போது துளி தெறிப்பதில்லை என்பதை மட்டும் குறிப்பிடலாம். தாய் முதல் நாள் கட்டில் நின்றார். இரண்டாம் ஞாயிறு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்து, எட்டு மணிக்குள் முடிக்கவேண்டும், களை பிடுங்கப் போகவேண்டும் என்று ஆசிரியையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கரையில் அமர்ந்தார்.

தொடங்கும்போது அப்பிள்ளைக்கு 25 மீற்றருக்கு 41 வீச்சு. பங்குனி முடிவில் 29. வலது முழங்கை நன்றாக உயர்கிறது. இடக்கை மட்டும் மூச்செடுக்கும் வேளைகளில் இன்னும் நடுக்கோட்டைத் தாண்டிப் போகிறது. அடுத்த ஞாயிறு ஒற்றைக் கையால் நீந்தவைத்துப் பார்க்கலாம் என்று ஆசிரியை கூறுகிறார்.